வொரம் பெர்சி: உழுதவர்களின் இங்கிலாந்து

ஐரோப்பாவுக்குப் போய்வந்தவர்கள் இடைக்காலம் என்றதும் கோட்டைகளையும் பேராலயங்களையும்தான் சொல்வார்கள். அவை கல்லால் கட்டியவை, அதனால் நிற்கின்றன. மரச்சட்டமும் களிமண்ணும் வைக்கோலும் கொண்டு வீடு கட்டிக்கொண்டவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு அதிகம். அந்த வீடுகள் மண்ணோடு மண்ணாகிவிட்டன. உழுது விதைத்து அறுத்து அந்தக் கோட்டைகளுக்கும் ஆலயங்களுக்கும் சோறு போட்டவர்கள் வாழ்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஓர் இலையுதிர்காலத்தின் கடைசியில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரிலும் யார்க்ஷயரிலும் அதற்கு வாய்ப்பு அமைந்தது.

அந்தக் காலத்துச் சமூகத்தைப் பற்றி எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் வருவது மூன்று பிரிவு. ஜெபிப்பவர், போரிடுபவர், உழைப்பவர். கி.பி. 1000-ஐ ஒட்டி ஆங்கிலேயத் துறவி ஆல்ஃப்ரிக் இதை எழுதினார். சில பத்தாண்டுகளில் பிரான்சின் லாவோன் நகர ஆயர் அடால்பெரோவும் எழுதினார். சிம்மாசனத்துக்கு மூன்று கால்கள், ஒன்று ஒடிந்தாலும் கவிழ்ந்துவிடும் என்பது ஆல்ஃப்ரிக்கின் விளக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை எழுதிய இருவருமே ஜெபிப்பவர்கள். உழைப்பவர் கூட்டத்திலிருந்து யாரும் இதை எழுதவில்லை, எழுத அவர்களுக்குக் கற்றுத்தரப்படவும் இல்லை. அவர்கள் பக்கத்துச் சாட்சியம் வேண்டுமென்றால் நிலத்தைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கு முதலில் போக வேண்டிய ஊர் லாக்ஸ்டன். நூவார்க் நகருக்கு வடக்கே, பெருஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. பெரிய ஊர் இல்லை. ஒரு தேவாலயம், ஒரு மதுவிடுதி, தெருவோரமாக நெருக்கி நிற்கும் செங்கல் பண்ணைவீடுகள். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் பண்ணைவீடு என்றால் வயல்களின் நடுவே தனித்து நிற்கும். இங்கே எல்லா உழவர் வீடுகளும் ஊருக்குள் இருக்கின்றன, வயல்கள் ஊருக்கு வெளியே வேலியில்லாமல் விரிந்து கிடக்கின்றன. ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒருகாலத்தில் இப்படித்தான் பயிர் செய்தது. திறந்தவெளி வயல் என்ற அந்த முறை இன்றும் உயிரோடு நடக்கும் மிகச் சில இடங்களில் ஒன்று லாக்ஸ்டன்.

ஊருக்கு மூன்று பெரிய வயல்கள்: மேற்கு வயல், மில் வயல், தெற்கு வயல். ஒரு வருடம் ஒன்றில் குளிர்காலக் கோதுமை, இன்னொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவது தரிசு. அடுத்த வருடம் முறை மாறும். ஒவ்வொரு உழவருக்கும் மூன்று வயல்களிலும் துண்டு துண்டாக நிலம் உண்டு. மேட்டிலிருந்து பார்த்தபோது வயல் முழுவதும் கோரைப்பாயின் கோடுகளைப் போல நீளநீளமாகப் பிரிந்து தெரிந்தது. நல்ல மண்ணும் களிமண்ணும் நீர் தேங்கும் பள்ளமும் எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கிடைக்கட்டும் என்பதற்காக இந்தப் பங்கீடு. அதற்கு ஒரு விலையும் இருந்தது. பக்கத்துத் துண்டுக்காரன் விதைக்கும்போதுதான் நீயும் விதைக்க வேண்டும். அறுவடை முடிந்து ஊர் மாடுகள் தாளில் இறங்கும் நாளுக்குள் உன் கதிரும் களம் சேர்ந்திருக்க வேண்டும். தனக்குத் தோன்றிய பயிரைத் தோன்றிய நாளில் போடும் உரிமை யாருக்கும் கிடையாது.

நவம்பர் கடைசியில் உழவர்களே அடங்கிய ஒரு நடுவர் குழு அந்த ஆண்டின் கோதுமை வயலைச் சுற்றி வருகிறது. யாராவது பொது வழியையோ புல்தரையையோ ஓரம் கட்டி உழுதிருக்கிறார்களா என்று பார்த்து எல்லைக் கட்டைகளை அடிக்கிறது. அடுத்து ஊர் மதுவிடுதியில் ‘கோர்ட் லீட்’ என்ற பண்ணை மன்றம் கூடி அபராதம் விதிக்கிறது. இது சுற்றுலாவுக்கான நாடகம் என்று எண்ணிவிட வேண்டாம். சட்டப்படி அதிகாரம் உள்ள மன்றம் அது. இந்தக் கிராமத்தின் நிலத்தை 1635-இல் மார்க் பியர்ஸ் துண்டு துண்டாக அளந்து வரைந்த வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அந்த வரைபடத்தில் இருக்கும் வயல்களில்தான் இன்றைக்கு டிராக்டர் ஓடுகிறது.

தேவாலயத்துக்கு வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கோட்டை மேடு. கல் எதுவும் மிஞ்சவில்லை, புல் மூடிய பெரிய மண்குன்று மட்டும். ஷெர்வுட் காட்டின் காவல் உரிமை இந்தக் கோட்டைப் பிரபுக்களிடம் இருந்தது. மேலே ஏறி நின்றால் ஊரும் வயலும் கண்ணுக்குள் அடங்குகின்றன. கட்டியவர்களுடைய நோக்கமும் அதுதான். கீழே உழுகிறவனுக்கு எப்போதும் மேலே ஒரு கண் இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

உழுதவர்கள் எல்லோரும் ஒரே தரத்தில் இல்லை. 1086-இல் வில்லியம் மன்னர் எடுத்த டூம்ஸ்டே கணக்கில் பத்துப் பேரில் ஒருவர் அளவுக்கு முழு அடிமைகள் இருந்தார்கள். பிறகு அந்த அடிமைமுறை தேய்ந்தது. பண்ணையடிமை நிலை பெருகியது. பண்ணையடிமையைச் சந்தையில் விற்க முடியாது, ஆனால் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றலாம். பிரபுவின் அனுமதியின்றி அவன் ஊரைவிட்டுப் போகக்கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பிரபுவின் சொந்த நிலத்தில் கூலியில்லாத வேலை. அறுவடை நேரத்தில், தன் கதிர் வயலில் முற்றிக் காத்திருக்கும்போது, கூடுதல் நாட்கள். மகளுக்குத் திருமணம் என்றால் பிரபுவுக்கு வரி. குடும்பத் தலைவன் இறந்தால் வீட்டின் சிறந்த மாடு பிரபுவுக்கு. திருச்சபைக்கு விளைச்சலில் தசமபாகம். விதைத்த ஒரு மூட்டைக்கு நான்கு மூட்டை கோதுமை கிடைத்தால் நல்ல ஆண்டு என்று கணக்கு. அந்த நான்கில் ஒன்று அடுத்த விதைக்குப் போக வேண்டும். மிச்சத்தில்தான் இத்தனை பேருக்கும் பங்கு. 1315-இல் தொடங்கி ஓயாமல் மழை கொட்டி விளைச்சல் பொய்த்தபோது ஐரோப்பாவின் வடபகுதி முழுவதும் பஞ்சம் பரவியதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இந்தப் பிடுங்கல்களில் என்னை அதிகம் உறுத்தியது மாவு அரைக்கும் கடன்தான். பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கை ஆலைக்கு விட வேண்டும். வீட்டில் திரிகை வைத்திருப்பதே குற்றம். செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தின் தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட் 1330-களில் ஊர்மக்களின் திரிகைக் கற்களைப் பறித்து மடத்தின் தளத்தில் பாவினார். வானியல் கடிகாரம் செய்த பேரறிஞர் அவர். கோள்களின் ஓட்டத்தைக் கணக்கிடத் தெரிந்த அதே மனிதருக்கு, ஒரு பெண் தன் வீட்டில் தன் தானியத்தைத் தானே அரைப்பது பொறுக்கவில்லை. அறிவு இருந்தால் இரக்கமும் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம்.

லாக்ஸ்டனிலிருந்து வடக்கே யார்க். ஒரு வருடமும் ஒரு நாளும் பிடிபடாமல் நகரத்தில் வாழ்ந்துவிட்டால் பண்ணையடிமைக்கு விடுதலை என்ற வழக்கம் அந்நாளில் இங்கிலாந்து நகரங்களில் இருந்தது. தப்பி வந்தவனுக்கு அங்கே என்ன கிடைத்திருக்கும் என்ற கேள்வியோடுதான் மதில் வாசலுக்குள் நுழைந்தேன்.

குட்ராம்கேட் தெருவில் ‘லேடி ரோ’ என்ற வீட்டு வரிசை நிற்கிறது. 1316-இல் கட்டியது. கீழே ஓர் அறை, மேலே தெருப்பக்கம் துருத்திக்கொண்டு இன்னோர் அறை, அவ்வளவுதான் ஒரு வீடு. பக்கத்துத் தேவாலயத்தில் பூசை செய்யும் குருவின் சம்பளத்துக்காக வாடகைக்கு விட்டார்கள். யார்க் பேராலயத்தின் கிழக்குச் சாளரத்தைப் பார்க்க வரும் கூட்டம் இந்த வீடுகளைத் தாண்டிப் போய்விடுகிறது. 1405 முதல் 1408 வரை ஜான் தார்ன்டன் தீட்டிய அந்தக் கண்ணாடியின் அழகுக்கு நானும் வெகுநேரம் நின்றேன், மறுக்கவில்லை. ஆனாலும் சாதாரணக் குடித்தனம் ஒன்று 700 ஆண்டுகள் தாண்டி நிற்பது அதைவிட அரிய காட்சி.

வணிகர் மண்டபம் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. 1357-இல் தொடங்கி நான்கைந்து ஆண்டுகளில் எழுப்பியது. மேல்தளத்தில் பிரமாண்டமான மரக்கூடம். துணியும் கம்பளியும் கடல் கடந்து விற்ற வணிகர்கள் கூடிப் பேசிய இடம். நேர் கீழே, தாழ்ந்த உத்தரங்களுக்கு அடியில், ஏழைகளுக்கும் முதியோருக்கும் ஓர் ஆதரவு இல்லம். அதை ஒட்டி ஒரு சிற்றாலயம், படுத்திருப்பவர்களுக்குப் பூசை கேட்கும்படியாக. மேலே இருப்பவர்களின் ஆன்மாவுக்காக ஜெபிப்பது கீழே இருப்பவர்களின் கடமை. இதை ஏமாற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த இல்லம் 1900 வரை இயங்கியது. தருமம் உண்மையாகவே நடந்தது. மாடிப்படியும் நடுவில் உண்மையாகவே இருந்தது.

நகரத்துக் கைவினைஞர்கள் கில்டு என்ற தொழிற்குழுக்களாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். ஏழு வருடம் போலப் பயிற்சியாளாக இருந்து, பிறகு நகரத்தின் உரிமைக் குடியாகப் பதிவு பெற வேண்டும். யார்க்கின் அந்தப் பதிவேடு 1272-இலிருந்து கிடைக்கிறது. வருடத்தில் ஒரு நாள் நகரம் முழுவதும் இவர்களுடையதாக இருந்தது. கிறிஸ்துவின் திருவுடல் விழாவன்று விடியற்காலையிலேயே சக்கர மேடைகளை இழுத்துக்கொண்டு தெருத்தெருவாக, உலகப் படைப்பிலிருந்து இறுதித் தீர்ப்புவரை நாடகமாக நடித்தார்கள். நோவாவின் கப்பலைக் கட்டியவர்கள் கப்பல் தச்சர்கள். கடைசி இராவுணவு ரொட்டி சுடுகிறவர்கள் பங்கு. சிலுவையில் ஆணி அறைந்த காட்சி ஆணி செய்பவர்களுடையது. தன் கையில் இருக்கும் தொழிலை வேதத்துக்குள் கொண்டுபோய் வைத்த அந்த மக்களுக்குத் தாழ்வெண்ணம் இருந்திருக்க முடியாது.

நகரத்துக் காற்று எல்லோருக்கும் சுகம் தரவில்லை. மதிலோரத்து ஏழைப் பங்கான செயின்ட் ஹெலன் ஆலயத்தின் இடுகாட்டு எலும்புகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களின் முகஎலும்பில் சைனஸ் அழற்சியின் தழும்பு தெரிந்தது. புகை, நெரிசல், தோல் பதனிடும் தொட்டிகள் எல்லாம் அந்தத் தழும்பில் சேர்ந்திருக்கின்றன.

மூன்று பிரிவுக்குள்ளும் அடங்காத மக்களும் யார்க்கில் இருந்தார்கள். 1190 மார்ச் 16 அன்று நகரத்து யூதர்கள் சுமார் 150 பேர் அரசரின் கோட்டைக் கோபுரத்தில் தஞ்சம் புகுந்து, வெளியே கும்பல் சூழ்ந்துகொள்ள, அங்கேயே மடிந்தார்கள். பலர் தம் குடும்பத்தாரைத் தாமே கொன்று தாமும் உயிர்விட்டார்கள். கும்பலை முன்னின்று நடத்தியவர்களில் அவர்களிடம் கடன்பட்டிருந்த நிலக்கிழார்களும் உண்டு. எல்லாம் முடிந்ததும் பேராலயத்துக்குப் போய் அங்கே வைத்திருந்த கடன்பத்திரங்களை எரித்தார்கள். மரக்கோபுரம் எரிந்து, பின்னால் எழுந்த கற்கோபுரம் இப்போது கிளிஃபோர்ட் கோபுரம் என்ற பெயரில் நிற்கிறது. அதன் அடிவாரத்தில் நினைவுக்கல் இருக்கிறது. நூறு ஆண்டுகள் கழித்து, 1290-இல், முதலாம் எட்வர்ட் யூதர்களை நாட்டைவிட்டே துரத்தினார்.

யார்க்குக்கு வடக்கே ரீவோ மடம். ஆற்றுப் பள்ளத்தாக்கில் கூரையில்லாத வளைவுகள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 1132-இல் சிஸ்டர்சியத் துறவிகள் நிறுவியது. மடத்தலைவர் ஏல்ரெட் காலத்தில் துறவிகள் 140 பேர், பணிச்சகோதரர்களும் வேலையாட்களுமாக 500 பேர் என்று அவர் வரலாற்றை எழுதிய சீடர் சொல்கிறார். உலகத்தைத் துறந்தவர்களிடமும் இரண்டு வகுப்பு. பணிச்சகோதரர்களுக்கு உணவுக்கூடம் தனி, உறங்கும் இடம் தனி, ஆலயத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் இடம். அவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கக்கூடாது, சில ஜெபங்களை மனப்பாடம் செய்தால் போதும் என்பது சபை விதி. மடத்துக்குப் பெருஞ்செல்வம் தந்த ஆட்டு மந்தைகளைப் பார்த்துக்கொண்டது அவர்கள்தான். அந்தக் கம்பளி இத்தாலிய வணிகர்கள் வரை போனது.

கடைசியாக வொரம் பெர்சி. மால்டன் நகரத்துக்குத் தென்கிழக்கே சுண்ணாம்புக் குன்றுகளுக்கு இடையில் இருக்கிறது. வண்டி ஊர்வரை போகாது. நிறுத்துமிடத்திலிருந்து மேய்ச்சல் நிலம் வழியே பள்ளத்தில் இறங்கி நடக்க வேண்டும். மழை பெய்திருந்ததால் வெள்ளைச் சேறு காலைப் பிடித்தது. கீழே போனால் பாதி இடிந்த ஒரு தேவாலயம், ஒரு குளம், சரிவெங்கும் புல் மூடிய மேடு பள்ளங்கள். முதலில் ஒன்றும் புரிவதில்லை. சாய்வெயில் பட்டதும் செவ்வகங்கள் தெளிகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீடு. பின்னால் ஒரு கொல்லை. நடுவில் பள்ளமாக ஓடுவது தெரு.

வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் 1950 முதல் 1990 வரை ஒவ்வொரு கோடையிலும் இங்கே தோண்டினார்கள். அரண்மனையைத் தேடித் தோண்டுவதே வழக்கமாக இருந்த காலத்தில், ஓர் உழவர் குடிசையின் தரையைத் தேடி நாற்பது ஆண்டுகள் உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். நீண்ட வீடு, ஒரு முனையில் மனிதர், மறுமுனையில் மாடுகள், நடுத்தரையில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. தலைமுறைக்கு ஒருமுறை இடிந்துவிழும் குச்சுகள் என்றுதான் முதலில் நினைத்தார்கள். வளைமரங்களை நட்டு எழுப்பிய உறுதியான வீடுகள் அவை என்று பிந்திய ஆய்வு காட்டியது. பூட்டும் சாவியும் கிடைத்திருக்கின்றன. பூட்டி வைக்க அவர்களிடமும் ஏதோ இருந்தது. அன்றாடச் சாப்பாடு பார்லி ரொட்டி, பட்டாணியும் அவரையும் கீரையும் சேர்த்துக் காய்ச்சிய கூழ், பெண்கள் வீட்டில் வடித்த பார்லி பீர்.

தேவாலயத்து இடுகாட்டிலிருந்து ஏறத்தாழ 700 பேரின் எலும்புகளை எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். உழைத்தவர்களின் சாட்சியம் நமக்குக் கிடைப்பது இங்கேதான். பிள்ளைகளுக்கு ஒன்றரை வயதுவரை தாய்ப்பால் கொடுத்தார்கள், அதனால் கைக்குழந்தைகள் ஓரளவு நன்றாகவே வளர்ந்தன. பால்குடி மறந்ததும் வளர்ச்சி பின்தங்கியது. இன்றைய பிள்ளைகளோடு ஒப்பிட்டால் பத்து வயதில் வெகுவாகக் குட்டை. பிறகு மெதுவாக, வயது கடந்தும் வளர்ந்து, ஆண்கள் சராசரியாக 169 சென்டிமீட்டரை எட்டினார்கள். பெரியவர்களானவர்களில் கணிசமானோர் ஐம்பதையும் தாண்டி வாழ்ந்தார்கள். மண்டை உடைந்த ஒருவருக்கு, பத்தாம் பதினோராம் நூற்றாண்டை ஒட்டி, எலும்பைச் சுரண்டித் திறந்து வைத்தியம் செய்திருக்கிறார்கள். அவர் பிழைத்திருக்கிறார், எலும்பு மீண்டும் கூடியிருக்கிறது. ஒரு குடியானவருக்காக அந்த வைத்தியத்தைச் செய்த கை யாருடையதோ, அது தேர்ந்த கை. இன்னொரு குழியில் வெட்டியும் எரித்தும் போட்ட மனித எலும்புகள் கிடைத்தன. செத்தவர்கள் எழுந்து நடமாடிவிடாமல் தடுக்கத்தான் அப்படிச் செய்திருப்பார்கள் என்று 2017-இல் வெளியான ஆய்வு கருதுகிறது.

தேவாலயத்தின் சுவரையும் கூர்ந்து பாருங்கள். ஜனம் பெருகிய 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் இரு பக்கமும் இடித்து விரிவாக்கினார்கள். ஜனம் குறைந்ததும் அந்தப் பக்கக்கூடங்களை அகற்றி, வளைவுகளைக் கல்வைத்து அடைத்துவிட்டார்கள். அடைத்த வளைவுகள் இன்றும் சுவரில் தெரிகின்றன.

ஜனம் குறைந்தது எப்படி? 1348-49-இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மக்களைக் கொண்டுபோனது. மிஞ்சியவர்களின் உழைப்புக்கு விலை ஏறியது. பழைய கூலிக்கே வேலை செய்ய வேண்டும் என்று 1351-இல் சட்டம் போட்டார்கள். யார் என்ன துணி உடுத்தலாம் என்று 1363-இல் இன்னொரு சட்டம்: உழவனுக்கு முரட்டுக் கம்பளிதான். மக்கள் மேலே ஏறத் தொடங்கியதால்தான் இந்தச் சட்டங்கள் தேவைப்பட்டன. 1381-இல் உழவர்கள் எழுந்தார்கள், லண்டன்வரை போனார்கள், ஊருக்கு ஊர் பண்ணைப் பதிவேடுகளைக் கொளுத்தினார்கள். செயின்ட் ஆல்பன்ஸில் அந்தத் திரிகைக் கற்களைத் தளத்திலிருந்து பெயர்த்து, உடைத்து, ஆலயத்தில் அப்பம் பகிர்வதுபோல ஆளுக்கொரு துண்டு பகிர்ந்துகொண்டார்கள். 50 ஆண்டுகள் ஆகியும் அந்த அவமானத்தை அவர்கள் மறக்கவில்லை. கிளர்ச்சியை அரசு இரத்தத்தில் ஒடுக்கியது. ஆனால் ஆளில்லாத நிலத்தை வைத்துக்கொண்டு பிரபுக்களால் பழைய ஊழியத்தைக் கட்டாயப்படுத்த முடியவில்லை. பண்ணையடிமை முறையை ஒழிக்கப் பொதுச்சட்டம் எதுவும் வரவில்லை, அது பதினைந்தாம் நூற்றாண்டில் தேய்ந்து உதிர்ந்தது.

வொரம் பெர்சி கொள்ளைநோயில் அழிந்த ஊர் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியில்லை. நோய்க்குப் பிறகும் ஒன்றரை நூற்றாண்டு இங்கே அடுப்பு எரிந்தது. 1458-இல்கூட 16 வீடுகளில் குடியிருந்தார்கள். கம்பளிக்கு விலை ஏறியபோது, உழுகிற குடும்பங்களைவிட ஓர் இடையனும் அவன் ஆடுகளும் நிலக்கிழாருக்கு அதிக லாபம் தந்தன. ஹில்டன் பிரபு நான்கு ஏர்களை நிறுத்தி, நான்கு வீடுகளை இடியவிட்டார் என்று 1517-இல் நடந்த அரசு விசாரணையில் பதிவாகியிருக்கிறது. கொள்ளைநோயில் பிழைத்தவர்களின் சந்ததியை வெளியேற்றியது லாபக் கணக்கு. ஊழியம் போய் விடுதலை வந்தது, கூடவே நிலமும் போனது. அந்த மக்களுக்கு இரண்டும் சேர்ந்து கிடைக்கவே இல்லை என்பதுதான் இந்தப் பயணத்தில் நான் கண்டது.

யார்க்குக்குப் போகும் தமிழர்கள் பேராலயத்தோடு திரும்பிவிட வேண்டாம். ஓர் அரைநாளை வொரம் பெர்சிக்கு ஒதுக்குங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை, கடை இல்லை, கழிப்பறையும் இல்லை. தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், சேற்றுக்குத் தகுந்த காலணி போடுங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரமாகப் பார்த்துப் போனால்தான் வீடுகளின் சுவடு கண்ணுக்குத் தெரியும்.